பட்டியலில் இல்லாத இம்பெல்லர்

கேள்வி:

ஐயா, நான் திருக்கடலூர்ப் பிள்ளை. பேராதனையில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன கிழமை கன்டீனில் எங்கள் பட்ச்சில் பன்னிரண்டு பேர் இருந்து, கொம்பனிக்காரர் பட்டதாரியிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டோம். ஆங்கிலம், தலைமைத்துவம், ஜீபிஏ (பாடப் புள்ளிகளின் சராசரி), சொலிட்வேர்க்ஸ் என்ற வரைபட மென்பொருள், பைத்தன் என்ற கணினி நிரல்மொழி, குழுவாக வேலை செய்தல், தன்னம்பிக்கை, பிரசன்டேஷன், நேர முகாமைத்துவம், பிரச்சினை தீர்த்தல் என்று பத்து வந்தது. வரிசையில்தான் சண்டை. என் ஜீபிஏ 3.1. ஆங்கிலம் பேச வாய் கூசும். இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது, இதில் எதை முதலில் பிடிப்பது? ஊருக்குத் திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா? பொம்பிளைப் பிள்ளை என்று வேலைத்தளத்துக்கு எடுக்காமல் விடுவார்களா? அப்பா படகுகளின் பின்னால் பூட்டும் அவுட்போர்ட் இன்ஜின் திருத்துகிறவர். லீவில் நானும் அவரோடு நிற்பேன். தண்ணீர் பீச்சுகிற விதத்தைப் பார்த்தே இம்பெல்லர் (குளிர்நீரைத் தள்ளும் றப்பர்ச் சுழலி) போய்விட்டதா என்று சொல்லுவேன். இதையெல்லாம் சிவியில் போடத் தேவையில்லைதானே?

ஒரு மாணவி, திருகோணமலை

பதில்:

மகள்,

நாங்கள் படித்த காலத்தில் இப்படி ஒரு பட்டியல் போட்டிருந்தால் முதலாம் இடத்தில் ‘ஆளைத் தெரிந்திருத்தல்’ என்று எழுதியிருப்போம். இரண்டாம் இடத்துக்கு எழுத ஒன்றும் இருந்திராது. நீங்கள் பத்து எழுதும் அளவுக்கு நாடு கொஞ்சம் முன்னேறித்தான் இருக்கிறது.

இருபது வருடத்துக்கு மேலாக நேர்முகப் பரீட்சை மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அங்கே இருக்கிறவனின் கண்ணுக்கு உங்கள் பட்டியலில் பத்தாவதாகக் கிடப்பதுதான் முதலில் படும். மற்ற ஒன்பதும் எல்லாருடைய சிவியிலும் உண்டு. எல்லாரிடமும் இருப்பதை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. ‘தலைமைத்துவம்’ என்ற சொல் இல்லாத சிவி ஒன்றைக் கடைசியாக எப்போது கண்டேன் என்று ஞாபகமே இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதுவிக்கிறீர்கள் போலும். அண்மையில் வந்த விண்ணப்பங்களை அடுக்கிப் பார்த்தேன், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் பிறந்து ஒரே வாத்தியாரிடம் படித்த மாதிரி இருந்தது.

நான் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். இங்கே எழுதிவிட்டால் இனிக் கேட்க முடியாது, பரவாயில்லை. திருமலைச் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய கேள்வி. ‘12,000 கனமீற்றர் கொள்ளும் ஒரு எண்ணெய்க் குதம். பம்ப் மணிக்கு 200 கனமீற்றர் தள்ளும். நிரம்ப எவ்வளவு நேரம் செல்லும்?’

ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். அறுபது மணித்தியாலம், இரண்டரை நாள். சிலர் இதற்கே போனை எடுப்பார்கள். அதைப் பற்றிப் பேச வேண்டாம். கன பேர் ‘அறுபது’ என்று டக்கென்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து இருப்பார்கள். முதல் வகுப்பு எடுத்தவர்களும் அதில் உண்டு. ஒருமுறை ஒரு பொடியன் வந்தான். சாதாரண சித்திதான், ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அவன் விடை சொல்லவில்லை, என்னைக் கேட்டான்.

‘சேர், குதம் இப்ப வெறுமையா இருக்கா?’

ஆம் என்றேன்.

‘விளிம்பு மட்டும் நிரப்புவீங்களா, இல்லாட்டி மேல இடம் விடுவீங்களா?’

இடம் விடுவோம் என்றேன். திருமலை வெயிலுக்கு எண்ணெய் விரியும். முட்ட நிரப்ப ஒருவரும் விடமாட்டார்கள்.

‘எண்ணெய் ஏற ஏற பம்ப் அதே இருநூறு தள்ளாதே சேர்?’

அதோடு நான் பேனாவை மூடிவிட்டேன். மையவிலக்குப் பம்புக்கு முன்னால் உயரம் கூடக் கூட, அது தள்ளும் அளவு குறையும். பம்ப் வளைகோடு என்று உங்களுக்கு இரண்டாம் வருடத்திலேயே படிப்பித்திருப்பார்கள். எல்லாரும் பரீட்சையில் அதைக் கீறியிருப்பார்கள், ஆனால் குதம் ஒன்று நிரம்புகிறபோது அந்த வளைகோடு அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. எரிபொருள் என்றால், குழாயின் வாய் எண்ணெய்க்குள் மூழ்கும் வரைக்கும் வேகத்தைச் செக்கனுக்கு ஒரு மீற்றருக்குள் வைத்துத்தான் விடுவார்கள், நிலைமின்னால் பொறி பறந்துவிடும் என்ற பயம். அதைச் சொன்னபோது அவன் கொப்பியை எடுத்துக் குறித்தான். நேர்முகப் பரீட்சைக்குக் கொப்பி கொண்டு வந்தவனையும் அன்றுதான் கண்டேன்.

‘பிரச்சினை தீர்த்தல்’ என்று நீங்கள் எழுதியதை நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம். தந்த கணக்கை வேகமாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தந்ததில் என்ன குறைகிறது என்று கேட்கிறவரைத்தான் தேடுகிறோம்.

இனி ஆங்கிலம். அது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். விரிவுரை ஆங்கிலத்தில், இயந்திரத்தோடு வரும் மனுவல் ஆங்கிலத்தில், கொழும்புத் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல் ஆங்கிலத்தில். வாய் கூசினாலும் பேசத்தான் வேண்டும், கூச்சம் பேசப் பேசத்தான் போகும். ஆனால் தொழில்தருநர் ‘தொடர்பாடல்’ என்று கேட்பதை நீங்கள் எல்லாரும் ஆங்கிலம் என்று விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் உங்கள் வயதில் அதே எண்ணந்தான். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், இந்த மாவட்டத்தில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், பிழை முழுக்க என்னுடையது. குளிர்நீர்ப் பம்ப் இரண்டாம் இலக்கத்துக்கு மோட்டரையும் பம்பையும் நேர்ப்படுத்திக்கொண்டிருந்தோம். வேலை பாதியில் நிற்கப் பொழுதுபட்டுவிட்டது. அடிப் போல்ட்டுகள் இளக்கியபடி. நான் சோக்குக் கட்டியை எடுத்து, பம்ப் அறைக் கரும்பலகையில் ‘பம்ப் 2, அலைன்மென்ட் முடியவில்லை, இயக்க வேண்டாம்’ என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு வேலைக்கு வந்தவர் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள மனிதர். பதினைந்து வருட அனுபவம், ஆங்கிலம் வாசிக்க வராது. இரவு இரண்டு மணிக்கு முதலாம் பம்ப் நின்றுவிட்டது. அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார், இரண்டாவதைப் போட்டார்.

காலையில் போனபோது, மோட்டரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் றப்பர் தூள் தூளாகி, மிளகு கொட்டின மாதிரித் தரையெல்லாம் கிடந்தது. நல்ல காலம், ஒருவருக்கும் காயமில்லை. ஃபோர்மன் என்னைக் கரும்பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், சிங்களத்தில் ஒன்று கேட்டார்: ‘மஹத்தயா, இதைப் பலகைக்கு எழுதினீங்களா, அவனுக்கு எழுதினீங்களா?’

பம்புக்கு மின்சாரம் போகாதபடி பிரேக்கருக்குப் பூட்டுப் போடாமல் போனது அதைவிடப் பெரிய பிழை. அதை அவர் கேட்கவில்லை, நானே பிறகு எனக்குள் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு அப்படி ஒருவர் செய்தால் நானே வீட்டுக்கு அனுப்புவேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எந்த அறிவித்தலையும், இதை வாசிக்கப் போகிறவர் யார், எந்த நேரத்தில், எந்த மொழியில் என்று யோசிக்காமல் நான் எழுதியதில்லை.

நம்முடைய மாவட்டத்தில் ஒரு ஷிப்ட்டுக்குள்ளேயே மூன்று மொழி நடக்கும். வெல்டர் மூதூரில் இருந்து வருவார், மேற்பார்வையாளர் சேருவிலையில் இருந்து, ஆலோசகர் வெளிநாட்டில் இருந்து. இவர்கள் மூவருக்கும் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்தக்கூடிய இருபத்தைந்து வயதுப் பொறியியலாளருக்கு நான் ஜீபிஏயைப் பார்க்க மாட்டேன். அதனால் ஆங்கிலத்தோடு சிங்களத்தையும் பிடியுங்கள். பேராதனையில் நாலு வருடம் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு ‘கொஹொமத’ (எப்படிச் சுகம்) என்ற சொல்லோடு மட்டும் ஊருக்குத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவ்வளவு மலிவாக அந்த மொழி இனி உங்களுக்கு ஒருபோதும் கிடைக்காது.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடுகிற ஒரு பிள்ளையிடம், ‘தடித்த தகட்டை ஒட்ட முதல் ஏன் சூடாக்கச் சொல்கிறாய் என்று வெல்டருக்குத் தமிழில் சொல்லு’ என்றேன். ‘ப்ரீஹீற்றிங்’ என்றார். அது பெயர், காரணம் எங்கே என்றேன். ‘கூலிங் ரேட்’ என்றார். அதுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. தகடு சடக்கென்று ஆறினால் ஒட்டின இடம் இறுகி, உடையும் தன்மை கூடி, வெடிப்பு விடும், அவ்வளவுதான் விஷயம். விளங்கியிருந்தால் எந்த மொழியிலும் வந்திருக்கும்.

இது என் ஒருவனுடைய அபிப்பிராயம் என்று நினைக்க வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ட்ரெவெலியன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். செம்மறியாட்டுக்கு மயிர் கத்தரிக்க ரோபோ செய்தவர். பிற்காலத்தில் அவர், பொறியியலாளர்கள் நாள் முழுக்க உண்மையில் என்னதான் செய்கிறார்கள் என்று ஆராயப் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவில் மட்டுமல்ல, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பொறியியலாளர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அவர்களுடைய நேரத்தில் ஏறக்குறைய 60 வீதம் மற்ற மனிதர்களோடு பேசுவதிலும் எழுதுவதிலும் கேட்பதிலும் போகிறது என்று கண்டார். கணக்கும் வரைபடமும் மிச்சத்துக்குள்தான்.

உங்கள் பாடநெறிக் கோவையின் முன்பக்கத்திலும் இது இருக்கிறது. ஒருவரும் வாசிக்காத பக்கம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. உங்கள் பட்டம் மற்ற அங்கத்துவ நாடுகளிலும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பட்டதாரியிடம் இருக்க வேண்டிய பண்புகளின் பட்டியல் ஒன்று அதில் உண்டு. முதலில் பன்னிரண்டு இருந்தது, 2021 இல் திருத்திப் பதினொன்றாக்கினார்கள். அறிவு, பிரச்சினையைப் பகுப்பாய்தல், வடிவமைப்பு, ஆய்வு, கருவிகளைக் கையாளல் என்று முதல் ஐந்து. மிச்சம் ஆறும் சமூகமும் சூழலும், அறநெறி, கூட்டு வேலை, தொடர்பாடல், திட்டமும் காசும், சாகும்வரை படித்தல். சொலிட்வேர்க்ஸ், பைத்தன் இரண்டும் அந்தப் பதினொன்றில் ஒன்றே ஒன்றுக்குள், கருவிக்குள், அடங்கிவிடும். நீங்கள் அதற்குப் பத்தில் இரண்டு இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

மென்பொருள் வேண்டாம் என்பதல்ல. ஒன்றை ஒழுங்காகப் பிடியுங்கள், மற்றதை வேலையில் படிக்கலாம். எக்செல்லை மட்டும் எல்லாரும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு தெரியாமலே வருகிறார்கள், அதைக் கவனியுங்கள். ஒருமுறை எங்களிடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் கேற் பிணைச்சலுக்கு ஊசி ஒன்று சொலிட்வேர்க்ஸில் கீறினார். கீறின விதம் படம் மாதிரி. டவுனில் லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விட்டம் 25.000 மில்லிமீற்றர், விலகல் 0.005. மென்பொருள் தானாகப் போட்ட தசமங்களை இவர் மாற்றவில்லை. ‘தம்பி, இதை நான் கடையவா, சுவிற்சர்லாந்துக்கு அனுப்பவா?’ என்றார். நல்ல கை என்றால் அந்த லேத்தில் நூறில் இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குப் பிடிக்கலாம். கேற்றுக்கு அரை மில்லிமீற்றர் ஆடினாலும் குற்றமில்லை. ஒவ்வொரு தசமத்துக்கும் காசு இருக்கிறது என்று அந்தப் பட்டறைக்காரர் ஐந்து நிமிடத்தில் படிப்பித்ததை எந்த மென்பொருளும் படிப்பிக்காது. தம்பி பிறகு வாரத்துக்கு ஒருநாள் அங்கே போய் நிற்கத் தொடங்கினார்.

ஜீபிஏ பற்றிச் சுருக்கமாக. 3.1 வெட்கப்பட வேண்டிய எண் அல்ல. பீடத்தில் விரிவுரையாளராக நிற்க ஆசை என்றால் அது போதாது, ஏற்றத்தான் வேண்டும். தனியார் கொம்பனிகளில் சில, விண்ணப்பங்களைக் குறைக்க ஒரு கோடு போடும். கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பிறகு யாரும் அந்த எண்ணைக் கேட்க மாட்டார்கள். 3.1 ஐ 3.2 ஆக்க ஒரு வருடத்தைச் செலவழிக்காதீர்கள். 3.0 க்குக் கீழே விடவும் வேண்டாம்.

தலைமைத்துவத்தை இரண்டாம் இடத்தில் போட்டதற்குத்தான் சிரித்தேன், குறை நினைக்காதீர்கள். புதிதாக வரும் பிள்ளையிடம் நாங்கள் தலைமையைத் தேடுவதில்லை. ஒரு வேலை சொன்னால் செய்துவிட்டு ‘முடிந்தது’ என்று வந்து சொல்வாரா, முடியாவிட்டால் ‘இந்த இடத்தில் நிற்கிறேன்’ என்று நேரத்தோடு வந்து சொல்வாரா என்றுதான் பார்ப்போம். நாலு நாள் கழித்து நாங்களாகப் போய்க் கேட்கும் வரைக்கும் ஒளித்து வைத்திருக்கிற பிள்ளைகள்தான் எங்கள் தலைவலி. பிழை விட்டால் கோபிப்போம், மறைத்தால் நம்பமாட்டோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு. முதலில் எதைப் பிடிப்பது? பயிற்சிக் குறிப்பேட்டை. நைட்டா என்கிற அரச பயிற்சி அதிகாரசபை மூலம் தொழிற்பயிற்சிக்குப் போகும்போது நாளாந்தம் எழுதச் சொல்லித் தருவார்களே, அதைத்தான். அநேகமான பிள்ளைகள் அதை முந்தின பட்ச் அண்ணாவின் கொப்பியைப் பார்த்து, கடைசிக் கிழமையில் ஒரே பேனையால் எழுதி முடிப்பார்கள். வாசிக்கிற எங்களுக்குத் தெரியாதென்று நினைப்பு. அப்படி ஒரு பக்கம் இப்படி இருக்கும்: ‘இன்று பம்ப் பராமரிப்புப் பற்றி அறிந்துகொண்டேன்.’ இதில் ஒன்றுமே இல்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் பயிலுநராக இருந்தபோது எழுதிய பக்கம் ஒன்று என் நினைவில் நிற்கிறது, ஏறக்குறைய இப்படி:

‘காலை 9.40. கடல்நீர்ப் பம்ப் இல. 3. வெளியேறும் அமுக்கம் 1.2 பார், வழமை 3.5. மோட்டர் 17 அம்பியர், வழமை 24. அமுக்கமானி ஊசி நடுங்கியது. உறிஞ்சு குழாய் பிளாஞ்ச்சைச் சுற்றி பிற்றர் (பொருத்துநர்) சவர்க்கார நுரை தடவினார். ஒரு இடத்தில் நுரை உள்ளே இழுபட்டது. காஸ்கெட் மாற்றினோம். 11.15 க்கு 3.4 பார், 24 அம்பியர். பம்ப் பழுதாக இருந்தபோது கரண்ட் ஏன் கூடாமல் குறைந்தது? விளங்கவில்லை. பிற்றரைக் கேட்டேன். வேலை செய்யாதவனுக்குப் பசிக்காது என்றார்.’

அந்தக் கடைசி மூன்று வசனத்துக்காகத்தான் அந்தப் பிள்ளையை எடுத்தோம். உள்ளே காற்றுப் போனால் பம்ப் தண்ணீரைத் தூக்காது, தூக்காத பம்ப் மோட்டரிடம் சக்தி கேட்காது. பிற்றர் ஒரே வரியில் சொன்னதை அவர் அன்றிரவு பம்ப் வளைகோட்டை எடுத்து வைத்துச் சரிபார்த்ததாக அடுத்த பக்கத்தில் இருந்தது. உங்கள் பத்துத் திறனில் எத்தனை அந்த ஒரு பக்கத்துக்குள் இருக்கிறது என்று பன்னிரண்டு பேரும் இருந்து எண்ணிப் பாருங்கள். அளந்திருக்கிறார், ஒப்பிட்டிருக்கிறார், தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறார், தன்னைவிடக் குறைவாகப் படித்தவரிடம் கேட்டிருக்கிறார், அவர் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசி இரண்டும் லேசான காரியமில்லை. பட்டம் கையில் வந்ததும் பிற்றரிடம் கேட்க வாய் கூசும். ஆங்கிலக் கூச்சத்தைவிட அது மோசமான கூச்சம்.

ஊருக்குத் திரும்புவது பற்றி. திருமலையில் பொறியியலாளருக்கு இடமே இல்லை என்று சொல்கிறவர்கள் சீனக்குடாப் பக்கம் போவதில்லை. மா ஆலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 குதங்களைப் பற்றி 2022 ஜனவரியில் உடன்படிக்கை வந்தது, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கொம்பனியான லங்கா ஐஓசிக்கு, 61 இவை இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. பல குதங்கள் எத்தனையோ காலமாகப் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தவை. திருத்துவதென்றால் தகட்டுத் தடிப்பு அளக்க, துருப்பிடிப்பைத் தடுக்க, குழாய் போட ஆட்கள் வேண்டும். சம்பூரில் அனல் மின்நிலையம் வரும் என்று பத்து வருடம் பேசி 2016 இல் கைவிட்டார்கள். அங்கேதான் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கம் குறித்தார்கள். அதை நம்பிப் பட்டம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சூரிய மின்நிலையம் கட்டும்போதுதான் ஆள் தேவை. கட்டி முடிந்தால் கண்ணாடி கழுவவும் இன்வேர்ட்டர் பார்க்கவும் சில பேர் போதும். ஆகவே முதல் மூன்று, நாலு வருடம் எங்கே வேலை கனமாக இருக்கிறதோ அங்கே போங்கள், கொழும்பென்றாலும் சரி. கைப்பழக்கத்தோடு திரும்பி வருகிறவரை ஊர் ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பொம்பிளைப் பிள்ளை என்ற கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் சில இடத்தில் உங்களை அலுவலக மேசைக்குத் தள்ளப் பார்ப்பார்கள், ‘இரவு ஷிப்ட் செய்வீங்களா, கலியாணம் எப்போ’ என்று கேட்பார்கள். நீங்களும் திருப்பிக் கேளுங்கள்: தளத்தில் பெண்களுக்கு மலசலகூடம் இருக்கிறதா, இரவு வேலை முடிந்தால் வாகனம் உண்டா, என் அளவுக்குப் பாதுகாப்புச் சப்பாத்து எடுப்பீர்களா என்று. இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிற இடத்தில் உங்களுக்கு முன்பே பெண்கள் வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தடுமாறினால் யோசித்துப் போங்கள்.

கடைசியாக, அப்பாவின் பட்டறை. சிவியில் போடத் தேவையில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பத்துத் திறனை எழுதிவிட்டு, உங்களிடம் கையில் இருக்கிறதைக் கடிதத்தின் வாலில் கட்டி, அதையும் வேண்டாம் என்று சொல்ல வைக்கப் பார்க்கிறீர்கள்.

நீங்கள் என் முன்னால் வந்து இருந்தால் நான் சொலிட்வேர்க்ஸை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பேன். இன்ஜின் ஓடுகிறது, பின்னால் தண்ணீர் பீச்சுவது நூலாகிவிட்டது. இம்பெல்லர் என்று சொன்னீர்கள். ஏன்? தாரை வரும் துவாரம் உப்பும் மண்ணும் அடைத்திருந்தாலும் அப்படித்தானே இருக்கும்? முதலில் மெல்லிய கம்பி ஒன்றைத் துவாரத்துக்குள் விட்டுப் பார்ப்பீர்களா, எடுத்த எடுப்பில் கீழ்ப் பாகத்தைக் கழற்றுவீர்களா? கம்பிக்கு அரை நிமிடம் போதும், செலவில்லை. கழற்றினால் அரை நாள் போகும், உப்பில் இறுகின போல்ட் ஒன்று முறிந்தால் இன்னொரு நாள். மலிவான சோதனையை முதலில் செய்ய வேண்டும் என்று உங்களுக்கு யாரும் விரிவுரையில் சொல்லியிருக்க மாட்டார்கள், அப்பா செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இம்பெல்லர்தான் என்று ஆகிவிட்டால் அடுத்தது: றப்பர் இதழ் ஏன் போனது? பழசாகி இறுகியதா, கரையில் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்களா? இரண்டாவது என்றால் புது இம்பெல்லரும் அடுத்த மாதம் போகும், ஆளுக்குச் சொல்லாமல் பொருளை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஆகவே போடுங்கள், சிவியின் முதற் பக்கத்திலேயே. ‘குடும்பத் தொழிலில் உதவினேன்’ என்று மொட்டையாக எழுதாமல் இப்படி எழுதலாம்: ‘பாடசாலைக் காலம் தொட்டு விடுமுறைகளில், மண்ணெண்ணெய் அவுட்போர்ட் இன்ஜின் திருத்தும் தந்தையின் பட்டறையில் வேலை. குளிர்நீர்ப் பாதை, பிளக், கார்பியூரேற்றர் கோளாறுகளைக் கண்டறிந்து திருத்தியுள்ளேன்.’ எந்த வகை, எத்தனை குதிரைவலு, ஏறக்குறைய எத்தனை இன்ஜின் என்று அப்பாவிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், நாங்கள் தோண்டிக் கேட்போம்.

இந்த லீவில் பட்டறையில் ஒரு சீ.ஆர். கொப்பி வையுங்கள். திகதி, இன்ஜின், படகுக்காரர் சொன்ன குறை, அப்பா முதலில் தொட்ட இடம், கடைசியில் இருந்த குறை. ஐந்து நிரல் போதும். அவர் முப்பது நாற்பது வருடமாகத் தலைக்குள் வைத்திருப்பது இதுவரைக்கும் ஒரு தாளிலும் ஏறியிருக்காது. படகுக்காரர் சொன்ன குறையும் கடைசியில் இருந்த குறையும் எத்தனை தரம் ஒத்துவருகிறது என்று முப்பது இன்ஜின் ஆனதும் எண்ணிப் பார்த்து, முதற் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பீச்சாத இன்ஜினுக்கு அவர் கம்பியைத்தான் முதலில் எடுக்கிறாரா, வேறு ஏதும் கைவைத்தியம் வைத்திருக்கிறாரா என்று எனக்கும் தெரிய வேண்டும்.